கூரை பிரித்த வீடுகள்

இயேசு மரி சூசை துணை

மாதாபுரம், மண்ணூர் வழி
16-1-1977

அன்புத் தம்பி சாலமோனுக்கு அக்கா ரோஸி எழுதுவது. நானும் உன் மாமாவும் மேரியும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்துக்காகத் தினமும் மாதாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீயும் அவ்வப்போது கோயில் பக்கம் போய் அவளிடம் நேரில் பேசினால் எனக்குப் பாரம் குறையும்.

கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று அடை சுட்டு வைத்திருந்தேன். வேலை ஜாஸ்தி என்று கார்டு போட்டுவிட்டாய். அடையை எதிர் வீட்டு அம்சவல்லி தின்றாள். "உன் தம்பி பேரைச் சொல்லி நாலு வருசமா நான்தான் துன்றேன், இன்னும் ரெண்டு வருசம் வராம இருந்தான்னா நான் நல்லா குண்டாயிடுவேன்" என்கிறாள்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் செங்கல் சூளைக்குப் புறப்படுகிறோம். இந்த வருஷமும் திருவள்ளூர் தாண்டித்தான். மேஸ்திரி கன்னியப்பன் லாரி கொண்டுவருகிறார். நம் தெருவில் ஐம்பத்தோரு வீட்டில் இருபத்தேழு வீடு கிளம்புகிறது. உன் மாமா சூசைராஜ் நேற்றே கூரையைப் பிரிக்க ஏறிவிட்டார். ஓலையைக் கட்டி லாரியில் போட்டுக்கொண்டு போனால்தான் சூளையில் நமக்குக் குடிசை. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஆளில்லாத ஓலையில் சித்திரை மாதத்தில் ஒரு பொறி விழுந்தால் தெருவே எரிந்து போகும்.

நாளை அடுப்பை மூடுவேன். அம்மா இருந்தவரை அது உன் வேலை, ஞாபகம் இருக்கிறதா? அவள் ஈரக் களிமண்ணை அடுப்பு முழுக்க அப்பி மேடாக்கிவிட்டு உன்னைக் கூப்பிடுவாள். நீ ஆள்காட்டி விரலால் அதன் மேல் சிலுவை கீறுவாய். "நாங்க திரும்பி வர்ற வரைக்கும் வூட்டைப் பாத்துக்கோ மாதாவே" என்று சொல்லிவிட்டு விரலைச் சட்டையில் துடைத்து அடி வாங்குவாய். இப்போது நானே கீறிக்கொள்கிறேன். கோணலாகத்தான் வருகிறது.

ஒரகடம் பக்கம் தொழிற்பேட்டை வருகிறதாம், அதை ஒட்டிப் புது நகர் கட்டப் போகிறார்களாம். வாலாஜாபாத் சந்தையில் இதே பேச்சு. நம் தெரு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. நீ படித்தவன், பல்கலைக்கழகத்தில் இருக்கிறாய், விசாரித்து எழுது. கடிதத்தை மேஸ்திரி விலாசத்துக்குப் போடு. கீழே எழுதியிருக்கிறேன்.

உன் அக்கா
ரோஸி

---

சென்னை
2-2-1977

என் அன்பும் வணக்கமும் உரிய அக்காவுக்கு,

நான் நலம். சூளைப் புழுதியில் உனக்கு இருமல் வந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதே என் கவலை. மாமாவையும் மேரியையும் விசாரித்ததாகச் சொல். எனக்கு ஆறு மாதமாகத் தலைவலி இருந்தது. டாக்டர் கண்ணாடி போடச் சொன்னார். கறுப்புச் சட்டம். போட்டுக்கொண்டால் எனக்கே நான் பெரிய மனுஷனாகத் தெரிகிறேன்.

உன் கேள்விக்குப் பதிலாக ஒரு நல்ல சேதி. அந்தப் புது நகருக்கான ஆய்வு எங்கள் துறைக்கே கிடைத்திருக்கிறது! நகரம் வளரும்போது ஊர்களுக்கு என்ன நேர்கிறது என்று ஆராய்வதுதான் எங்கள் துறையின் வேலை. பேராசிரியர் ரகுபதி இதற்காக இரண்டு வருஷம் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். அவர் நல்ல மனிதர். "ஃபாக்டரி வரட்டும், ரோடு வரட்டும். ஆனா ஏற்கெனவே அங்க குடியிருக்கிறவன் ஒருத்தன்கூட வெளியே போகக்கூடாது. ஊர் புதுசாகணும்னா பழைய ஆளையும் உள்ள வச்சுத்தான் ஆகணும்" என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். அரசாங்கமும் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆய்வுப் பட்டியலில் பெயர் வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தப் புது நகரிலேயே மனை, பட்டா, தண்ணீர்க் குழாய், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். மேரி வருஷத்தில் பாதியைப் பள்ளியிலும் பாதியைச் செங்கல்லிலும் கழிக்கவேண்டிய அவசியம் இனி இருக்காது, அக்கா.

ஒன்று மட்டும். நான் அந்தப் பக்கத்துக்காரன் என்று இங்கே யாருக்கும் சொல்லவில்லை. ஆராய்ச்சி செய்பவன் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பார்கள். நீயும் ஊரில் சொல்லிக்கொள்ளாதே.

அன்புத் தம்பி
சாலமோன்

---

இயேசு மரி சூசை துணை

கன்னியப்பன் மேஸ்திரி சூளை
20-2-1977

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இருமல் இல்லை. மாமாவுக்குத்தான் தோளில் பிடிப்பு. நீ பெரிய மனுஷனாகத் தெரிகிற லட்சணத்தைப் பார்க்க எனக்கும் ஆசை, ஒரு போட்டோ அனுப்பு.

உன் கடிதத்தை மேரி எல்லோருக்கும் சத்தம் போட்டுப் படித்தாள், நீ சொல்லக்கூடாது என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டு. குழாய் என்ற இடம் வந்ததும் பெண்கள் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். பிறகு மாமா தனியாக என்னிடம், "நெஜமாவே பட்டா குட்த்தா நான் ஓடு போட்டுடுவேன், வருசா வருசம் கூரையப் பிரிக்கிற வேலையே வேணாம்" என்றார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் ஆசைப்பட்டு ஒன்றைச் சொல்லி நான் கேட்டது இதுதான்.

அதனால் ஒரு விஷயத்தைக் கவனமாகச் செய். மாசி பங்குனியில் வந்து பார்த்தால் நம் தெருவில் பாதி ஆள் இருக்காது. வெறும் சுவர்தான் நிற்கும். ஆனி பிறந்த பிறகு ஆட்களை அனுப்பச் சொல். முன்னாடியே வந்தாக வேண்டுமென்றால், கூரை இல்லாத வீட்டிலும் ஆள் உண்டு என்று உங்கள் பேராசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. ஒரு வார்த்தை போதும். உனக்குத் தெரியாததா.

மாதா உன்னைக் காக்கட்டும்.

ரோஸி

---

சென்னை
30-4-1977

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மாமாவின் தோள் எப்படி இருக்கிறது? வேப்பெண்ணெய் தடவுகிறீர்களா? மேரிக்கு அம்மை கிம்மை வராமல் பார்த்துக்கொள். இந்த வருஷம் வெயில் அதிகம் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். உனக்கு இருமல் வந்தால் அலட்சியமாக இருக்காதே.

ஆய்வு முடிந்துவிட்டது. மார்ச் மாதத்தில் குழு போய் வந்தது. ஆனி வரை காத்திருக்க அரசாங்கம் அவகாசம் கொடுக்கவில்லை. மே மாதக் கடைசியில் அறிக்கை போகிறது. எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

போட்டோ எடுக்க நேரம் கிடைக்கவில்லை.

தம்பி
சாலமோன்

---

இயேசு மரி சூசை துணை

மாதாபுரம்
10-7-1977

அன்புத் தம்பி சாலமோனுக்கு,

சுகம். போன வாரம் ஊர் வந்து சேர்ந்தோம். ஓலை போட்டாகிவிட்டது. அடுப்பைத் திறந்தபோது ஒரு தேள்கூட இல்லை, இந்த வருஷம் நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

பிறகுதான் பார்த்தேன். அம்சவல்லி வீட்டுக் கதவில் சுண்ணாம்பால் பதினேழு என்று நம்பர் போட்டிருக்கிறது. அவளுக்கு ஆடு மேய்ப்பு, அவள் எந்தச் சூளைக்கும் போவதில்லை. பக்கத்தில் பதினெட்டு, அதற்கு அடுத்ததில் ஒன்றும் இல்லை. தெரு முழுக்க நடந்து பார்த்தேன். இருபத்துநாலு வீட்டுக்கு நம்பர் இருக்கிறது. நம்முடையதையும் சேர்த்து இருபத்தேழு வீட்டுக்கு இல்லை. சூளைக்குப் போன வீடு ஒன்றுக்குக்கூட இல்லை. மூடின கதவு என்று விட்டுவிட்டு, பிறகு சேர்த்திருப்பார்கள் அல்லவா? நீ சொல்லியிருப்பாய் அல்லவா? ஒரு வரி எழுதிவிடு, மாமா தூங்காமல் இருக்கிறார்.

அம்சவல்லி ஒரு கூத்து சொன்னாள். ஜீப்பில் வந்த நாலு பேரில் ஒருத்தன் அச்சாக உன்னைப் போலவே இருந்தானாம். "கருப்பு ஃபிரேமு கண்ணாடி போட்டுக்கினு கீறான், உன் தம்பின்னு நெனச்சி சாலமோனு சாலமோனுன்னு ரெண்டு வாட்டி கூப்ட்டேன், திரும்பல" என்றாள். என் தம்பி கண்ணாடி போடுவதில்லையே, அவன் வந்திருந்தால் முதலில் நம் வீட்டு வாசலில்தானே வந்து நின்றிருப்பான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைவலி எப்படி இருக்கிறது?

ரோஸி

---

இயேசு மரி சூசை துணை

மாதாபுரம்
2-9-1977

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. தபால்காரரைப் பார்த்தால் இப்போது அவரே "வரலம்மா" என்று கையை விரித்துவிட்டுப் போகிறார்.

போன செவ்வாய்க்கிழமை பஞ்சாயத்து ஆபீசில் பட்டியலைப் படித்தார்கள். தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா பலராமன் வந்திருந்தார். நம் தெருவில் இருபத்துநாலு குடும்பம், அவ்வளவுதான். மீதியெல்லாம் "கைவிடப்பட்ட பாழ்ச் சுவர்கள்" என்று படித்தார். பாழ்ச் சுவர்க்காரர்கள் இருபத்தேழு பேரும் அவர் முன்னாலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் படித்ததை அப்படியே மேரியை எழுதிக்கொள்ளச் சொன்னேன்: "சில சுவர்களுக்குள் சிலுவைக் குறியிட்ட மண்மேடுகள் காணப்படுகின்றன. பழைய கல்லறைகளாக இருக்கலாம்."

முதலில் பெண்கள் சிரித்தார்கள். என்னாலும் அடக்க முடியவில்லை. வீட்டுக்குள் கல்லறை வைத்துக் குடித்தனம் பண்ணுகிற சனம் எங்கேயாவது உண்டா? அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. என் அடுப்பைக் கல்லறை என்று எழுதியிருக்கிறார்கள், சாலமோன். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள், இங்கே எழுதியவன் வீட்டையே கெடுத்துவிட்டான். "இருக்கலாம்" என்று வேறு போட்டிருக்கிறது. யார் வாயிலிருந்து வந்த இருக்கலாமோ தெரியவில்லை.

நவம்பர் முப்பதாம் தேதிக்குள் தாலுக்கா ஆபீசில் ஆட்சேபணை சொல்லலாமாம். எங்கள் பேச்சு எடுபடாது. நீ உன் பேராசிரியரிடம் சொல். இல்லாவிட்டால் நீயே ஒரு நாள் வந்து, நான் இந்தத் தெருக்காரன், இது கல்லறை இல்லை அடுப்பு என்று சொல்லிவிட்டுப் போ. உனக்கு அரை நாள் வேலை. எங்களுக்கு வீடு.

காத்திருக்கிறேன்.

ரோஸி

---

சென்னை
20-9-1977

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவையும் மேரியையும் கேட்டதாகச் சொல்லவும்.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. விஷயம் நீ நினைப்பதுபோல் எளிதல்ல. அறிக்கை அச்சாகி அரசாங்கத்துக்குப் போய்விட்டது. அச்சான அறிக்கையை மாற்றினால் ஆய்வு முழுவதையுமே சந்தேகப்படுவார்கள், அப்போது பட்டியலில் இருக்கிற இருபத்துநாலு குடும்பத்துக்கும் ஆபத்து வரலாம். பேராசிரியர் வேறு டெல்லி போயிருக்கிறார். அடுத்த மாதம் இங்கே நிரந்தர வேலைக்கு நேர்முகம் இருக்கிறது, அது முடிந்ததும் தக்க சமயம் பார்த்துப் பேசுகிறேன். நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். மாதிரி ஒன்று இதோடு இணைத்திருக்கிறேன்.

நவம்பர் முப்பதுக்குள் கட்டாயம் வருகிறேன்.

சாலமோன்

---

இயேசு மரி சூசை துணை

மாதாபுரம்
8-12-1977

தம்பி சாலமோனுக்கு,

சுகம்.

நீ வருவாய் என்று இருபத்தெட்டு, இருபத்தொன்பது இரண்டு நாளும் பஸ் நிற்கிற இடத்தில் மாமா நின்றார். முப்பதாம் தேதி காலையில் நாங்களே தாலுக்கா ஆபீசுக்குப் போனோம். நீ அனுப்பிய மாதிரியைப் பார்த்து மேரி மனு எழுதினாள். எழுத்து அழகாக இருக்கிறது என்று பலராமனே சொன்னார். அதிகாரி வாசிக்கவில்லை. "பெரிய காலேஜ்லேர்ந்து வந்து, பாத்து, எழுதிக் குட்த்திருக்காங்க. படிச்சவங்க கண்ணுக்குப் பாழாத் தெரிஞ்சது, உனக்கு வூடாத் தெரியுதா? இருந்தவன் கூரையோட இருக்கணும்மா" என்றார். கூரை எங்களோடு திருவள்ளூரில் இருந்தது ஐயா என்று மாமா சொன்னார். ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் என்ன செய்வது என்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

"உங்களத் தெரிஞ்ச படிச்ச ஆள் யாராச்சும் கீறாங்களா? வந்து கையெழுத்துப் போடுவாங்களா?" என்று பலராமன் பரிதாபப்பட்டுக் கேட்டார். என் தம்பி அந்தக் காலேஜிலேயேதான் வேலை பார்க்கிறான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நீ சொல்லிக்கொள்ளாதே என்று எழுதியிருந்தாய். அதனால் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இந்த வருஷம் சூளைக்குப் போகாமல் வீட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிடலாமா என்று பேசிப் பார்த்தோம். ஏரி வற்றிக் கிடக்கிறது, நடவு இல்லை, வேறு கூலி இல்லை. எதைத் தின்பது? பொங்கல் கழிந்து போகிறோம்.

நேர்முகம் நன்றாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ரோஸி

---

சென்னை
12-2-1978

அக்கா,

நலம் விசாரித்து எழுத எனக்கு முகம் இல்லை. எழுத வேண்டியதை நேராக எழுதிவிடுகிறேன். மேஸ்திரி விலாசத்துக்குப் போட்டால் யாராவது உரக்கப் படித்துவிடுவார்கள் என்ற பயத்தில் மாதாபுரத்துக்கே போடுகிறேன். பார், இதிலும் பயம்.

போன மார்ச் பதினேழாம் தேதி அந்த ஜீப்பில் நான் இருந்தேன். அம்சவல்லி அக்கா கூப்பிட்டது எனக்குக் கேட்டது. இரண்டு தடவையும் கேட்டது. நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேராசிரியர் நம் வீட்டுக்குள் நுழைந்தார். அடுப்பைப் பார்த்தார். சிலுவை கோணலாக இருந்தது, உன் விரல்தான் என்று தெரிந்தது. "சாலமோன், நீ கிறிஸ்தவன்தானே, இது என்னப்பா? கல்லறையா?" என்று கேட்டார். அடுப்பு சார் என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அங்கே நான் வேறு ஆளாக இருந்தேன், அக்கா. என் அப்பா காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார் என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லி வைத்திருந்தேன். செங்கல் அறுத்தே செத்துப்போன அப்பாவை வாத்தியாராக்கிவிட்டேன். பக்கம் சாயக்கூடாது என்று உனக்கு எழுதினேனே, அது ஆராய்ச்சி விதி இல்லை. காலனிக்காரன் என்று தெரிந்துவிடும் என்ற பயம். கூடச் சாப்பிடுகிறவர்கள் இலையைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்களோ என்ற பயம்.

"இருக்கலாம் சார்" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அறிக்கையில் இருக்கும் அந்த இருக்கலாம் என்னுடையது.

நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. உன் டிசம்பர் கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்தது. மாமா சேர்ந்து சிரித்தார் என்ற இடத்தைத் தாண்டிப் படிக்க முடியாமல் ஒரு மாதம் இருந்தேன். போன மாதம் பேராசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா. அந்த ஊரைத் தெரிஞ்ச ஒருத்தன் நம்ம நாலு பேர்ல இருந்திருக்கான். அவனையும் வச்சிக்கிட்டு இப்படி எழுதிட்டோமே" என்று மட்டும் சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். தவறு தங்களுடையது என்று அன்றே அரசாங்கத்துக்குத் தன் கைப்பட எழுதினார். வரைபடம் ஒப்புதலாகி ரோட்டுக்குக் கல் நட்டாகிவிட்டது, விடுபட்டவர்களைப் பிறகு கவனிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. பிறகு என்றால் எப்போது என்று அதில் இல்லை.

அடுத்த ஆய்வு வாலாஜாபாத் பக்கம். கேள்வித்தாளைப் புதிதாக எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார். "முதல் கேள்வியை உங்க அக்காவைக் கேட்டு எழுது" என்றார். கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

சாலமோன்

---

இயேசு மரி சூசை துணை

28-3-1978

அன்புத் தம்பி சாலமோனுக்கு அக்கா ரோஸி எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் சுகம். மாமாவுக்குத் தோள் தேவலை. உன் சுகம் அறிய ஆவல்.

உன் கடிதத்தைத் தபால்காரர் அம்சவல்லியிடம் கொடுத்திருக்கிறார். அவள் ஆட்டை மாமியார் தலையில் கட்டிவிட்டு பஸ் ஏறிச் சூளைக்கே கொண்டுவந்தாள். ஒரு கடிதத்துக்கு இவ்வளவு தூரமா என்று கேட்டேன். அவளிடம் வேறு சேதி இருந்தது.

மாசி மாதம் பத்துப் பதினைந்து ஆட்கள் வந்து நம் வீடுகளை இடித்துவிட்டார்கள். ஆளில்லாத மண்சுவர்தானே, ஒரே நாளில் வேலை முடிந்ததாம். ஆனால் அடுப்புகளை மட்டும் தொடவில்லை. காகிதத்தில் கல்லறை என்று இருக்கிறது, மேலே சிலுவையும் இருக்கிறது, எவன் கை வைப்பான்? "யோவ், அது சமாதி இல்லய்யா, அடுப்பு, சோறாக்கற அடுப்பு" என்று அம்சவல்லி தலையில் அடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். அவர்கள் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போனார்களாம். நம்பர் போட்ட வீடுகள் அப்படியே நிற்க, நாம் இருந்த இடத்தில் இப்போது சுவர் இல்லை, வாசல் இல்லை. வெட்டவெளியில் இருபத்தேழு அடுப்பு நிற்கிறதாம். நம் வீட்டில் உன் வார்த்தையால் மிஞ்சியது அது ஒன்றுதான். பங்குச் சாமியார் வந்து மந்திரித்துக் கொடுத்த பிறகு அதையும் எடுத்துவிடுவார்கள்.

நீ எழுதியதெல்லாம் எனக்குப் புதிது இல்லை. கண்ணாடி வாங்கியதை நீயே எழுதியிருந்தாயே, கறுப்புச் சட்டம் என்று. அம்சவல்லி சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நீயாக வந்து சொல்வாய் என்று இருந்தேன். நவம்பர் முப்பது வரை இருந்தேன். அதற்குள் சொல்லியிருந்தால் வீடு இருந்திருக்கும். இப்போது சொன்னதில் உனக்குப் பாரம் இறங்கியது, எனக்கு ஏறிவிட்டது. கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். அப்பாவை வாத்தியாராக்கியதைத்தான் மறக்க முடியவில்லை. அவர் அறுத்த கல்லில் கட்டின பள்ளிக்கூடங்கள் எத்தனையோ இருக்கும்.

மாமாவிடம் உன் கடிதத்தைப் படிக்கவில்லை. நீ ரொம்ப முயற்சி செய்தாய், நடக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஓடு போடுகிற பேச்சை எடுப்பதில்லை. மேரி இங்கேயே கல் அடுக்குகிறாள். பள்ளிக்கூடத்தில் பேரை அடித்துவிட்டார்கள்.

உங்கள் பேராசிரியர் முதல் கேள்வி கேட்டாராமே. இப்படி எழுதிக்கொள்: "இந்த வூட்டுக்காரங்க எங்க போயிருக்காங்க, எப்போ வருவாங்க?" கூரை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். அன்றைக்கு அதற்குப் பதிலை வைத்துக்கொண்டுதான் அம்சவல்லி உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றாள். வாலாஜாபாத் சனத்துக்காவது அந்தக் கேள்வி உதவட்டும்.

கடிதத்தின் தலைப்பில் ஊர் எழுதுகிற இடத்தைச் சும்மா விட்டிருக்கிறேன், கவனித்திருப்பாய். சூளை ஆனி மாதத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஆனியில் வா. நாங்கள் எங்கே இருப்போம் என்று அம்சவல்லியிடம் சொல்லி வைக்கிறேன். பதினேழாம் நம்பர் வீடு. வாசலில் நின்று ஒரு தரம் கூப்பிடு. அவள் திரும்பிப் பார்ப்பாள்.

உன் அக்கா
ரோஸி